சைக்கிளில் நீலகிரி: முதல் முறை போகிறவர்களுக்கு ஆறு நாள் வழிகாட்டி

நீலகிரிக்கு நான் சைக்கிளில் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை பாதியில் திரும்பினேன். சைக்கிள் ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. மலையில் பாதி தூரத்தில் கால் பிடித்துக்கொண்டது, மூன்றாம் நாள் இறக்கத்தில் பிரேக் தேய்ந்து போனது. எல்லாமே தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. எந்த நிறுவனமும் ஏற்பாடு செய்யாமல், பின்னால் உதவி வண்டி வராமல், சொந்தமாகத் திட்டமிட்டுப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். சமவெளியில் ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கூட இங்கே முப்பது கிலோமீட்டரில் களைத்துப் போவார். திட்டம் போடும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை மீட்டர் ஏற்றம், மதியம் மூன்று மணிக்குள் அறைக்குப் போய்விட முடியுமா, இந்த இரண்டையும் மட்டும் பாருங்கள். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது.

1. எந்த மாதம், எந்தக் கிழமை

பொங்கல் விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் நடு வரை போவது நல்லது. வானம் தெளிவாக இருக்கும், சாலை காய்ந்திருக்கும். ஊட்டியில் விடியற்காலையில் உறைபனி விழும், ஆனால் எட்டு மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும்.

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி என்று மேற்குப் பக்கத்தை நனைக்கும். அப்போது தொட்டபெட்டா மலைத்தொடர் மறைப்பதால் கிழக்கே இருக்கும் கோத்தகிரியில் மழை குறைவு. அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை நேராக குன்னூர், கோத்தகிரி சரிவுகளில்தான் மோதும். 2009 நவம்பரில் நடந்த பெரிய நிலச்சரிவுகளும் இந்த மழையில்தான். இந்த இரண்டு மாதங்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் இரண்டு மலைப்பாதைகளிலும் சைக்கிளோடு போகவே வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களையும் விட்டுவிடுங்கள். கார்கள் வரிசை கட்டி நிற்கும், அறை வாடகை இரண்டு மடங்காகும். அதோடு சீசனில் ஒருவழிப் பாதை வேறு. வழக்கமாக ஏறுவதற்கு குன்னூர் சாலை, இறங்குவதற்கு கோத்தகிரி சாலை என்று பிரித்துவிடுவார்கள். நான் கீழே சொல்வது கோத்தகிரி வழியாக ஏறும் பாதை, அதற்கு இது நேர் எதிர்.

கிழமையும் முக்கியம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நாளும் கடைசியாக இறங்கும் நாளும் வாரநாளாக இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்கினால், இறங்கும்போது ஊர் திரும்பும் கார்களின் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். சனிக்கிழமை ஏறி வியாழக்கிழமை இறங்குவதும் இதே தவறுதான். புதன் ஏறி திங்கள் இறங்குவது எனக்குச் சரியாக வந்தது.

2. என்னென்ன ஆவணங்கள்

ஆதார் அசல் கையில் இருக்க வேண்டும். எல்லா விடுதியிலும் கேட்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் பாஸ்போர்ட்டோடு விசாவின் நகலையும் வைத்திருங்கள்.

சைக்கிள் வாங்கிய ரசீதின் நகல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஏற்றும்போது கேட்டாலும் கேட்பார்கள். ரசீது தொலைந்திருந்தால், பெடல் பொருந்தும் இடத்தின் அடியில் பொறித்திருக்கும் சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேம்) எண்ணைப் படம் எடுத்து போனில் வைத்திருங்கள்.

இ-பாஸ் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அது வெளியூர் மோட்டார் வண்டிகளுக்கானது. விண்ணப்பத்தில் வண்டிப் பதிவெண் கேட்கும், சைக்கிளுக்கு அது கிடையாது. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருகிறவர்களுக்கும் தேவையில்லை. கோத்தகிரிச் சாலையில் இருக்கும் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் என்னை ஒருமுறைகூட பாஸ் கேட்டு நிறுத்தவில்லை. ஆனால் உங்கள் நண்பர் காரில் சாமான் எடுத்து வருகிறார் என்றால் அந்தக் காருக்குக் கட்டாயம் வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து சீசனில் ஒரு நாளைக்கு வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கிளம்பும் நாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சாவடியில் சைக்கிள்காரர்களையும் பிடிப்பது பிளாஸ்டிக்குக்குத்தான். தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில், கேரி பை எதுவும் மாவட்டத்துக்குள் கூடாது, அபராதம் போடுவார்கள். ரயிலில் வாங்கிய பாட்டிலை மேட்டுப்பாளையத்திலேயே தொட்டியில் போட்டுவிடுங்கள். இரண்டு ஸ்டீல் பாட்டில் போதும். மலைப்பாதையோரத்திலும் ஊர்களிலும் குடிநீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், ஐந்து ரூபாய் நாணயங்கள் கொஞ்சம் சேர்த்து எடுத்துப் போங்கள். பயணத்துக்குத் தயாராகும்போது எல்லோரும் மறப்பது இந்தச் சில்லறையைத்தான்.

3. சைக்கிளில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

புது சைக்கிள் வாங்கத் தேவையில்லை. இருப்பதில் மூன்று விஷயம் மட்டும் சரி பாருங்கள்.

ஒன்று, கியர். முன்னால் இருக்கும் சிறிய பல்சக்கரத்தின் பற்களும் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பற்களும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். 34-க்கு 34 என்றால் சாமானோடு ஏறலாம். 34-க்கு 28 என்றால் பழக்கப்பட்டவர் ஏறுவார், புதியவர் தள்ளுவார். பின் பல்சக்கரத்தொகுதியை மாற்ற ஆகும் செலவு, முட்டிவலிக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

இரண்டு, பிரேக். ஊரில் ஓட்டும்போது நன்றாகப் பிடிக்கிறது என்று நம்பாதீர்கள். ஊரில் ஒரு மாதத்தில் தேயும் பட்டை இங்கே ஒரே இறக்கத்தில் தேயும். நான்கு பட்டையும் புதிதாக மாட்டிவிட்டு, இன்னொரு ஜோடியைப் பையில் வையுங்கள். நான் பாதியில் திரும்பிய அந்தப் பயணத்தில், வாடகைக்கு எடுத்த சைக்கிளின் பட்டையைச் சோதிக்காமல் வாங்கிவிட்டேன். கட்டபெட்டுக்கு அருகே தூறலில் இறங்கும்போது கம்பி உரசும் சத்தம் கேட்டது. நிறுத்திப் பார்த்தால் ரப்பர் முழுதும் போய் இரும்பு சக்கர விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன், கருப்புக் குழம்பாக ஒட்டியது. மீதி இறக்கம் முழுதும் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

மூன்று, பின் கியரைச் சட்டத்தோடு இணைக்கும் சிறிய அலுமினியத் துண்டு. ஹேங்கர் என்று கடையில் கேட்டால் தெரியும். ரயிலில் ஏற்றி இறக்கும்போது முதலில் வளைவது இதுதான். ஒவ்வொரு சைக்கிளுக்கும் இது வேறு வேறு அளவு, ஊட்டியில் தேடினால் கிடைக்காது. உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போய் அதே மாதிரி ஒன்று வாங்கி வையுங்கள்.

பையை முதுகில் மாட்டாதீர்கள். பின்பக்கக் கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பை போதும், மொத்தம் எட்டு கிலோவுக்குள். மழைக்கோட்டு, விரல் மூடும் கையுறை, ஒரு கம்பளித் தொப்பி, இரண்டு ட்யூப், பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள். துணி குறைவாக எடுங்கள். ஆனால் ஜனவரியில் ஊட்டியில் துவைத்தது ஒரே இரவில் காயாது, சாக்ஸ் மட்டும் கூடுதலாக இருக்கட்டும்.

4. ரயிலில் ஏற்றுவது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் வசதி. இரவு ஒன்பது மணி அளவில் சென்ட்ரலில் கிளம்பி, காலை ஆறே கால், ஆறரைக்கு மேட்டுப்பாளையம் சேரும். அதுவே கடைசி நிலையம் என்பது பெரிய நிம்மதி. வண்டி நின்றபடி நிற்கும், சைக்கிளை அவசரமில்லாமல் இறக்கலாம். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். படுக்கை வசதிக் கட்டணம் 350 ரூபாய் அளவில் வரும்.

இனிச் சொல்வது கவனமாகப் படியுங்கள். நிலையத்தில் சைக்கிளை இரண்டு விதமாக அனுப்பலாம், லக்கேஜ் என்றும் பார்சல் என்றும். உங்கள் பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால், நீங்கள் போகும் அதே ரயிலின் சரக்குப் பெட்டியில் வரும். பார்சலாகப் பதிந்தால் அது தனிச் சரக்கு, இடம் இருக்கும் வண்டியில் போகும். எனக்கு வித்தியாசம் தெரியாது. அலுவலகத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டிவிட்டு ரசீதைப் படிக்காமல் மடித்து வைத்தேன். மறுநாள் காலை நடைமேடையில் நான் இருந்தேன், சைக்கிள் இல்லை. அது அடுத்த நாள்தான் வந்தது. மலை ஏற வேண்டிய நாளை மேட்டுப்பாளையத்தில் ஒரு விடுதியில் கழித்தேன். ஆகவே வாயைத் திறந்து "லக்கேஜ், இந்த ரயிலிலேயே" என்று சொல்லுங்கள். ரசீதில் ரயில் எண்ணைப் பார்த்த பிறகே அங்கிருந்து நகருங்கள்.

இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ஏற்றும் முன் விளக்கு, பம்பு, பாட்டில், மீட்டர் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். சைக்கிள் கடையில் பழைய அட்டைப்பெட்டி கேட்டால் சும்மாவே தருவார்கள். அதை வெட்டி சட்டத்தைச் சுற்றிக் கட்டுங்கள், பின் கியர் பக்கத்தில் மட்டும் இரண்டு மடிப்பு. பெயர், போன் எண், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் எல்லாம் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு இடத்தில் கட்டுங்கள். சரக்குப் பெட்டியில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஏற்றுகிற அண்ணனிடம் "கியர் பக்கம் மேல இருக்கட்டும்ணே" என்று சொன்னால் அப்படியே வைப்பார்கள்.

கோவையிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. விடியற்காலையில் கிளம்பினால் மேட்டுப்பாளையம் 35 கிலோமீட்டர்தான், சமதளம். ஆனால் அதை ஓட்டிவிட்டு அன்றே மலை ஏறாதீர்கள். முதல் நாள் மாலை வந்து தங்கிவிடுங்கள்.

மலை ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம் என்று திட்டம் போட வேண்டாம். பெட்டிகள் சிறியவை, ஆளுக்கே சீட்டு கிடைப்பது கஷ்டம்.

5. கால் பழக்கம்

எட்டு வாரம் போதும். வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம், ஞாயிறு மட்டும் நான்கு மணி நேரம். மேம்பாலத்தில் பத்துப் பதினைந்து முறை ஏறி இறங்குவதும் பயிற்சிதான். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு சிறிய மலையாவது ஏறிப் பாருங்கள். சென்னை, வேலூர்க்காரர்களுக்கு ஏலகிரி, சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. அதை நிற்காமல் ஏற முடிந்தால் கோத்தகிரியை நின்று நின்று ஏறிவிடலாம். கொல்லிமலை 70 வளைவு, அதை முதல் பயிற்சியாக எடுக்க வேண்டாம்.

6. முதல் நாள்: மேட்டுப்பாளையம் முதல் கோத்தகிரி வரை, 33 கிலோமீட்டர்

பெரும்பாலோர் குன்னூர் வழியாகத்தான் ஏறப் பார்ப்பார்கள், வரைபடமும் அதையே காட்டும். வேண்டாம். அது தேசிய நெடுஞ்சாலை, பேருந்தும் லாரியும் அதிகம். கோத்தகிரிச் சாலையில் வண்டி குறைவு, ஏற்றமும் சீராக இருக்கும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். கோத்தகிரிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏற வேண்டும்.

ரயிலடியில் அட்டையை அவிழ்த்து, சைக்கிளில் கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். பிரேக்கைப் பிடித்து, முன்னும் பின்னும் உலுக்கி, கைப்பிடி நட்டை இன்னொரு முறை முடுக்குங்கள். இட்லி சாப்பிடுங்கள், பொங்கலும் வடையும் இன்று வேண்டாம். எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும், பலகையைப் பார்த்து கோத்தகிரிப் பக்கம் திரும்புங்கள். முதல் சில கிலோமீட்டர் பாக்குத்தோப்பும் சமதளமுமாகப் போகும். இங்கே வேகமாக மிதித்துவிட்டு மேலே மூச்சு வாங்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகத்தில் போங்கள்.

குஞ்சப்பனை வரைக்கும் காடு. யானை நடமாட்டம் உள்ள இடம். இருட்டில், விடியும் முன், சாயங்காலம் ஐந்துக்கு மேல் இங்கே இருக்கக் கூடாது. பகலிலும் மூங்கில் முறியும் சத்தம் கேட்டால், எதிரே வரும் வண்டிகள் நின்றால், நீங்களும் நில்லுங்கள். பேருந்தோ லாரியோ வரும் வரை காத்திருந்து அதன் பக்கத்திலேயே கடந்து போங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள். சைக்கிளில் சத்தம் வராது என்பது காட்டில் நமக்குப் பாதகம். யானைக்கு நாம் வருவது கடைசி நொடியில்தான் தெரியும்.

கொண்டை ஊசி வளைவில் இடதுபுறம் திரும்பும்போது உள்பக்க விளிம்பு மிகச் செங்குத்தாக இருக்கும். பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் வெளிவட்டமாகப் போங்கள், பாதிச் சிரமம் குறையும். பேருந்துச் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே இறங்கி ஓரமாக நில்லுங்கள். பேருந்து திரும்ப முழு வளைவும் தேவை. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, ஆனால் அதை நம்பி சைக்கிளை நடுவில் விடாதீர்கள்.

ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்துங்கள். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும். ஆனால் பழத்தைப் பையை விட்டு எடுக்கும் முன் சுற்றிப் பாருங்கள், குரங்கு தோளில் வந்து உட்காரும். குஞ்சப்பனைக்கு மேலே டீக்கடைகள் வரும், அங்கே காற்றே மாறியிருக்கும். கீழே வியர்த்த சட்டையோடு நின்றால் குளிரும், மேலே ஒன்றைப் போட்டுக்கொண்டு டீ குடியுங்கள். அரவேணுவைத் தாண்டினால் மிச்சம் கொஞ்சம்தான். மதியம் இரண்டு மணிக்குள் கோத்தகிரியில் இருப்பீர்கள்.

முடியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலையில் மலைக் காய்கறியை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கிய பிக்கப் வண்டிகள் காலியாகத் திரும்பி ஏறும். கை காட்டினால் பலர் நிறுத்துவார்கள். இருநூறு, முந்நூறு ரூபாய் கொடுங்கள்.

7. இரண்டாம் நாள்: கோத்தகிரி, கொடநாடு

இரண்டு இரவு கோத்தகிரியில் தங்குங்கள். பையை அறையில் வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் கொடநாடு காட்சிமுனைக்குப் போய் வாருங்கள், ஒரு வழி பதினேழு கிலோமீட்டர் போல. முழுக்கத் தேயிலைத் தோட்டம், பெரிய ஏற்றம் கிடையாது. காட்சிமுனையில் கீழே மாயாறு பள்ளத்தாக்கும் எதிரே ரங்கசாமி மலையும் தெரியும். ஒன்பது மணிக்குள் போனால் தெளிவாகத் தெரியும், பதினொன்றுக்கு மேல் மேகம் மூடிக்கொள்ளும். மூன்று பயணத்திலும் எனக்கு மிகப் பிடித்த காலை இதுதான்.

இங்கே ஒரு பொறி உண்டு. வரைபடச் செயலி தேயிலைத் தோட்டத்துக்குள் குறுக்கு வழி காட்டும். நான் நம்பிப் போனேன். இரண்டு கிலோமீட்டர் கல்லும் மண்ணுமாக இறங்கிய பிறகு பூட்டிய இரும்புக் கதவு. காவல் இருந்த பெரியவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எஸ்டேட் ரோடு தம்பி, இதுல போட்டா எல்லாரும் இங்கதான் வந்து நிப்பாங்க. மேல போய் தார் ரோட்டைப் பிடி" என்றார். தண்ணீர் கொடுத்தார். அந்த இரண்டு கிலோமீட்டரைத் தள்ளி ஏற முக்கால் மணி நேரம் ஆனது. தார்ச்சாலையை விட்டு எந்தச் செயலி சொன்னாலும் இறங்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் போகும் மண்பாதை என்றால் விஷயம் இன்னும் பெரிது, வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம்.

8. மூன்றாம், நான்காம் நாள்: குன்னூர், கேத்தி, ஊட்டி

கோத்தகிரியிலிருந்து குன்னூர் 21 கிலோமீட்டர். ஏறியும் இறங்கியும் போகும், வண்டிச்சோலை வழியாக ஊருக்குள் நுழைவீர்கள். மதியத்துக்குள் அறை சேர்ந்து, தெம்பு இருந்தால் லேம்ஸ் ராக் காட்சிமுனை வரை போய் வரலாம்.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் காட்டெருமை தெருவுக்கே வரும். சாதுவாக நிற்கும், ஆனால் ஒரு டன் எடை. மணி அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். ஐம்பது மீட்டர் தள்ளி நின்று அது போன பிறகு போங்கள். தேயிலைத் தோட்டங்களில் காலையிலும் மாலையிலும் கரடி நடமாடும். பொழுது சாய்ந்த பிறகு சைக்கிளை எடுக்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நான்காம் நாள் குன்னூரிலிருந்து ஊட்டி. பிரதான சாலையில் 18 கிலோமீட்டர், 1,850 மீட்டரிலிருந்து 2,240-க்கு ஏற்றம். அருவங்காடு வரை அதிலேயே போய், பிறகு கேத்தி, லவ்டேல் பக்கமாகத் திரும்புங்கள். தூரம் கொஞ்சம் கூடினாலும் கார்களின் புகை இல்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டம் படிப்படியாக இறங்கும், நேரம் வாய்த்தால் மலை ரயில் பக்கத்திலேயே வரும். கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மண் அப்பிய கேரட்டைச் சுழலும் கூண்டுக்குள் கொட்டுவார்கள், செந்நிறத் தண்ணீர் ஓடும், மறுபக்கம் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் விழும். ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பல்லில் படும்போதே குளிர்ந்தது.

9. ஐந்தாம் நாள்: எமரால்டு, வேண்டாத பாதைகள்

ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா வழியாக எமரால்டு போய் வாருங்கள், போக 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போகும்போது இறக்கம் அதிகம், அதாவது திரும்பும்போது ஏற்றம். பதினொரு மணிக்குத் திரும்பத் தொடங்குங்கள். வழியில் பல இடத்தில் போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வையுங்கள். அவலாஞ்சிக்கு அப்பால் வனத்துறை வண்டியில் மட்டுமே அனுமதி, சைக்கிளோடு போய் ஏமாறாதீர்கள்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 36 கொண்டை ஊசி வளைவு, மிகச் செங்குத்து. பழகியவர்களுக்கே பிரேக் சூடாகிவிடும். கீழே போனால் முதுமலைப் புலிகள் காப்பகம். முதல் பயணத்தில் அந்தப் பக்கமே வேண்டாம். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக காரமடைக்கு இறங்கும் 43 வளைவுப் பாதையும் அப்படித்தான். அழகு, ஆனால் யானைக்காடு, உதவிக்கு ஆள் கிடைக்காது.

10. ஆறாம் நாள்: இறங்குவது

ஊட்டியிலிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம், 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முதலில் தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏற்றம், அதன் பிறகு பெரும்பாலும் இறக்கம். காலை எட்டு மணிக்கு, பனி உருகிச் சாலை காய்ந்த பிறகு கிளம்புங்கள். தைல மரங்களின் இலை ஈரமாகக் கிடக்கும் இடத்தில் டயர் வழுக்கும்.

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தபடி இறங்காதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். வளைவுக்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும், வளைவுக்குள் பிரேக் பிடித்தால் சறுக்கும். எட்டுப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று சக்கரத்தின் சூடு ஆற விடுங்கள். அப்போதே பட்டையையும் பாருங்கள். மூடுபனி வந்தால் முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும், எதிரே பத்து மீட்டர் தெரியவில்லை என்றால் டீக்கடையில் உட்கார்ந்துவிடுங்கள். விழுந்து அடிபட்டால் 108-ஐ அழையுங்கள். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி மூன்றிலும் அரசு மருத்துவமனை உண்டு.

குளிரில் கை மரத்தால் பிரேக் பிடிக்க விரல் வராது. ஜாக்கெட்டுக்குள் மார்பில் ஒரு நாளிதழை மடித்து வைத்துக்கொண்டால் காற்று உள்ளே வராது. இதை எனக்குச் சொன்னவர் கட்டபெட்டு டீக்கடைக்காரர், பேப்பரையும் அவரே கொடுத்தார்.

11. எவ்வளவு செலவானது

கடைசிப் பயணத்தில் எனக்கு ஆன கணக்கு இது. ரயில் போக வர 700 ரூபாய். சைக்கிள் ஏற்றுவதற்கு இரண்டு பக்கமும் சேர்த்து 600. ஐந்து இரவு அறைக்கு, இரவுக்கு 1,200 வீதம் 6,000. சாப்பாடு ஆறு நாளுக்கு 2,700. கிளம்பும் முன் பிரேக் பட்டை, ட்யூப், சர்வீஸ் எல்லாம் 1,500. மற்றவை 1,000. மொத்தம் 12,500. இரண்டு பேர் ஒரே அறையில் தங்கினால் ஆளுக்கு 9,500-க்குள் முடியும். இது பிப்ரவரி வாரநாள் விலை.

அறையை முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும். முதல் கேள்விக்கு "வெளியில பூட்டிக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு விடுதி பாருங்கள். கையில் ரொக்கமும் வேண்டும். கொடநாடு, எமரால்டு வழிகளில் சிக்னல் இல்லாத கடையில் போனில் பணம் கட்ட முடியாது.

12. திரும்பும் ரயில்

மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணியை ஒட்டிக் கிளம்பும். நீங்கள் மதியம் இரண்டு மணிக்கே கீழே வந்திருப்பீர்கள். நேராக நிலையத்துக்குப் போய் லக்கேஜ் அலுவலகம் எத்தனை மணி வரை இருக்கும் என்று கேட்டுவிட்டு, பிறகு சாப்பிடப் போங்கள். வரும்போது கழற்றிய அட்டையை மடித்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஏதாவது ஒரு கடையில் கொடுத்து வைத்திருந்தால் இப்போது வாங்கிக் கட்டிவிடலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். ஐந்தரை மணிக்குள் பதிந்து, ரசீதில் ரயில் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.